எச்-இன்டெக்ஸை எழுதும் முன் பெயரைச் சரிபாருங்கள்

எச்-இன்டெக்ஸ் என்பது ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மற்றக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் அளவு. பதவி உயர்வுப் படிவத்திலோ ஆய்வு மானிய விண்ணப்பத்திலோ அதைக் கேட்கும் கட்டம் வந்ததும், பலரும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து அங்கே தெரிகிற எண்ணை அப்படியே எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தமிழ்ப் பெயர் வைத்திருக்கிற நமக்கு இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். முதியவர்கள் தவறி விழுவதைத் தடுப்பது பற்றி ஆய்வு செய்கிற தாதி ஒருவரை எனக்குத் தெரியும், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் படிவத்தோடு வந்து, "இத்தனை வருஷம் உழைச்சிருக்கேன், ஸ்கோப்பஸ்ல ரெண்டுன்னு காட்டுது, நீயே பாரு" என்றார். ஸ்கோப்பஸ் என்பது ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் தொகுத்து வைக்கும் தளம். உட்கார்ந்து தேடினால், அடையாள அட்டையில் இருக்கிறபடி டி/ஓ போட்ட பெயர் ஒன்று, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்ட பெயர் ஒன்று, கல்யாணத்துக்கு அப்புறம் கணவர் பெயரோடு வந்த பெயர் ஒன்று என்று அந்தத் தளம் அவரை மூன்று ஆட்களாகப் பிரித்து வைத்திருந்தது. முதல் ஆளின் கட்டுரைகளுக்கு 40, 9, 2 மேற்கோள்கள். இரண்டாம் ஆளுக்கு 22, 6, 0. மூன்றாம் ஆளுக்கு 15, 5. மூன்று பேருக்குமே எச்-இன்டெக்ஸ் 2!

இப்போது எட்டுக் கட்டுரைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பெரிய எண்ணிலிருந்து அடுக்குங்கள்: 40, 22, 15, 9, 6, 5, 2, 0. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே, மேற்கோள் எண்ணிக்கை வரிசை எண்ணைவிடக் குறையாத வரை இறங்குங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், ஐந்துக்குக் குறையவில்லை, சரி. ஆறாவதற்கு 5தான், அங்கே நின்றுவிட வேண்டும். ஆக அக்காவின் எச்-இன்டெக்ஸ் 5. இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த கணக்கு இவ்வளவுதான், ஒரு துண்டுக் காகிதம் போதும். கூகுள் ஸ்காலரில் பக்கத்திலேயே தெரியும் ஐ10 என்பது குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. அக்காவுக்கு 3.

எனவே முதல் வேலை பெயர். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் தருகிற ஆர்சிட் தளத்தில் இலவசமாக 16 இலக்க எண் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், இனி அனுப்புகிற ஒவ்வொரு கட்டுரையிலும் அதைக் கொடுங்கள். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, எஸ்/ஓ, டி/ஓ வேண்டுமா வேண்டாமா என்று இன்றைக்கே முடிவு செய்து கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டுரைகளுக்கு, ஸ்கோப்பஸில் பிரிந்து கிடக்கும் பக்கங்களை ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. கூகுள் ஸ்காலரில் சிக்கல் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்: உங்கள் பெயரே கொண்ட இன்னொருவரின் கட்டுரை உங்கள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி, உங்களைக் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள், ஒட்டிக்கொண்டதை நீக்குங்கள். அடுத்தவர் உழைப்பு நம் கணக்கில் இருக்கக் கூடாது.

ஒரே ஆளுக்குத் தளத்துக்குத் தளம் எண் மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்வரைவு, மாநாட்டு உரை என்று எல்லாவற்றையும் எண்ணும், அதனால் அங்கே கூடுதலாகத்தான் இருக்கும். ஸ்கோப்பஸும் அதைப் போன்ற இன்னொரு தளமான வெப் ஆஃப் சயன்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களை மையமாக வைத்து எண்ணுகின்றன. ஒன்றில் எடுத்த எண்ணை இன்னொன்றில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவதுதான் தப்பு.

அடுத்தது நியாயமான ஒப்பீடு. புற்றுநோய் ஆய்வில் ஆட்கள் அதிகம், மேற்கோளும் அதிகம். தாதிமை ஆய்வில் அப்படி இல்லை. போன வருஷம் வந்த கட்டுரைக்கும் பத்து வருஷப் பழைய கட்டுரைக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்களின் ஐசைட் கருவி இதற்குத்தான் கை கொடுக்கிறது. மருத்துவக் கட்டுரைகளின் பட்டியலான பப்மெட் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் எண்களை ஒட்டினால் போதும், துறையையும் ஆண்டையும் கணக்கில் எடுத்து ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் ஒப்பீட்டு எண் தரும். அந்தக் கழகங்களின் நிதியில் வந்த கட்டுரைகளின் நடு அளவு 1, அதற்கு மேலே போனால் நல்ல பிடிப்பு. கருவி இலவசம். ஸ்கோப்பஸிலும் இப்படி ஒன்று உண்டு, அங்கே 1 என்றால் உலகச் சராசரி. ஆனால் நாலைந்து கட்டுரை மட்டும் உள்ளவருக்கு ஒரே ஒரு கட்டுரை சராசரியைத் தூக்கிவிடும், அதனால் ஒவ்வொரு கட்டுரையின் எண்ணையும் தனியாகவும் பாருங்கள்.

இதழின் இம்பேக்ட் ஃபேக்டரை உங்கள் தகுதியாக எழுதாதீர்கள். அது இதழில் வந்த கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களின் சராசரி, உங்கள் கட்டுரையை யாராவது படித்தார்களா என்று அது சொல்லாது. ஆய்வை எப்படி மதிப்பிட வேண்டும் என்று 2012-இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் கேட்டுக்கொண்டதும் இதைத்தான். 1960 முதல் வருகிற சிங்கப்பூர் மருத்துவ இதழில் வந்த கட்டுரை நம் பலதுறை மருந்தகத்தில் ஒரு பழக்கத்தை மாற்றியிருந்தால், என் கண்ணுக்கு அது பெரிய விஷயம்.

எச்-இன்டெக்ஸ் மறைக்கிற இன்னொன்று, யார் என்ன செய்தார் என்பது. இருநூறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் நூறாவது பெயராக இருந்தாலும், நீங்களே நோயாளிகளைச் சந்தித்துத் தரவு திரட்டி முதல் பெயராக எழுதியிருந்தாலும் அதற்கு இரண்டும் ஒன்றுதான். மருத்துவத் துறையில் பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் வழிநடத்தியவர். இந்த இரண்டு இடங்களிலும் உங்கள் பெயர் உள்ள கட்டுரைகளைத் தனியாக எண்ணிக் காட்டுங்கள். உங்கள் மேற்கோள்களில் நீங்களே கொடுத்துக்கொண்டவை எத்தனை என்றும் பாருங்கள், அவற்றை விலக்கிக் கணக்கிட ஸ்கோப்பஸில் வசதி இருக்கிறது. சிகிச்சைகளின் பலனை மதிப்பிடுகிற, சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் ஏஸ் அமைப்பு வெளியிடும் மருத்துவ வழிகாட்டி ஏதாவது உங்கள் கட்டுரையைச் சுட்டியிருக்கிறதா என்று தேடிப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அக்கா கடைசியில் படிவத்தில் எழுதியது இது: "ஸ்கோப்பஸ், பக்கங்களை ஒன்றாக்கிய பின் எடுத்தது, தேதியோடு: 8 கட்டுரைகள், 99 மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் 5, முதல் ஆசிரியராக 4." கீழே ஆர்சிட் எண்ணைப் போட்டு, தன் கையாலேயே கையெழுத்து வைத்தார்.