ஐஸ் வரவில்லையா? முதலில் கம்பியைப் பாருங்கள்

ஃப்ரிட்ஜில் இருக்கும் ஐஸ் மேக்கர் தானாக ஓடுவதால் அதற்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்குத் தெரிந்தது இரண்டே சங்கதி: அச்சில் ஊற்றிய தண்ணீர் உறைந்துவிட்டதா, கீழே உள்ள டப்பா நிரம்பிவிட்டதா. மற்றதெல்லாம் நம் பாடு.

டப்பா நிரம்பியதைப் பல மாடல்களில் ஒரு வளைந்த கம்பிதான் சொல்கிறது. கம்பி மேலே நின்றால் ‘போதும்’ என்று அர்த்தம், ஐஸ் போடுவது நின்றுவிடும். ஃப்ரீசருக்குள் ஒரு பொட்டலத்தைத் திணிக்கும்போது அது பட்டுக் கம்பி மேலே போய் மாட்டிக்கொள்வது உண்டு. எங்கள் வீட்டில் நான்கு நாள் ஐஸ் விழாமல் மெக்கானிக்கை வரவழைத்தேன். மனிதர் கருவிப்பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு விரலால் கம்பியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்தது, கட்டிகள் சிறுத்தோ உள்ளே கூடாகவோ விழுவது. உடனே மெஷின் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலான ஐஸ் மேக்கர்கள் தண்ணீரை அளப்பதில்லை, வால்வைச் சில நொடிகள் திறந்து மூடும், அவ்வளவுதான். தண்ணீர் மெதுவாக வந்தால் அந்த நொடிகளில் அச்சு நிரம்பாது. ஃபில்டரை மாற்றி 6 மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதா, ஃப்ரிட்ஜைச் சுவரோடு தள்ளியதில் பின்னால் குழாய் மடங்கிவிட்டதா என்று பாருங்கள். அழுத்தம் குறைந்தால் இன்னொரு தொல்லையும் வரும். வால்வு இறுக மூடாமல் சொட்டும், அந்தச் சொட்டு உள்ளே வரும் சிறு குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

அடைத்ததைக் கத்தியால் குத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. ஐஸ் உறைந்ததும் ஒரு சின்ன ஹீட்டர் அச்சைச் சூடாக்கும், கட்டி லேசாக இளகி, சுழலும் கைகள் அதை வெளியே தள்ளும். கத்தி பட்டு அச்சின் பூச்சு உரிந்தால் கட்டி ஒட்டிக்கொண்டு வராது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, தானே உருகக் காத்திருங்கள்.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். புது ஃப்ரிட்ஜ் என்றால் ஒரு நாள் பொறுங்கள். முதலில் விழும் சில தடவை ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

ஐஸ் கெடாது என்பது பாதி உண்மைதான். வாரக்கணக்கில் கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகும், பக்கத்தில் மூடாமல் வைத்த சாப்பாட்டின் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். டப்பாவை அவ்வப்போது காலி செய்து கழுவுங்கள். குளிர்ந்த பிளாஸ்டிக்கில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். ஈரத்தோடு திரும்ப வைத்தால் புது ஐஸ் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

சரி, குழாய் இணைப்பு இல்லாமல் நாமே தண்ணீர் ஊற்றும் தொட்டி வகை என்றால்? அதில் வெறும் குடிநீர் மட்டும்தான். பழச்சாறு ஊற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

வெளியூர் போகும்போது ஐஸ் மேக்கரை அணைத்து, தண்ணீர்க் குழாயையும் மூடிவிடுங்கள். குழாயை மட்டும் மூடிவிட்டுப் போனால், வராத தண்ணீருக்காக வால்வு திரும்பத் திரும்பத் திறந்து ரீங்கரித்துக்கொண்டே இருக்கும்.