கருவாட்டுக் கூடையும் ஓரெமின் கோட்பாடும்: இதயச் செயலிழப்புக்குப் பராமரிப்புத் திட்டம் எழுதும் முறை

நர்சிங் மாணவர்கள், ஒரு நோயாளிக்கு என்னென்ன செய்வது என்று எழுதும் பராமரிப்புத் திட்டத்தின் முதல் பக்கத்தில் ஒரு நர்சிங் கோட்பாட்டின் பெயரை அழகாக எழுதுவார்கள். இரண்டாம் பக்கத்தில் அது காணாமல் போய்விடும். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன், பாம்பனிலிருந்து ஒரு பெரியம்மா வந்து சேரும்வரை. கருவாட்டு வியாபாரி, இதயச் செயலிழப்பு. ‘உப்பைக் குறைக்க அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவைத்தேன். மூன்றாவது வாரம் கால் வீங்கி, படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். குழம்பில் உப்பைக் குறைத்திருந்தார்; தட்டில் கருவாடு குறையவில்லை. “நீ உப்பு என்றுதானே சொன்னாய் தாயி, கருவாடு மீன்தானே?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவதல்ல. உடலுக்கு வேண்டிய இரத்தத்தை அதனால் சரிவர அனுப்ப முடிவதில்லை. உப்பும் நீரும் உடலில் தேங்கி, வீக்கமும் மூச்சிரைப்பும் வருகின்றன. மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்துவிடுவார். மற்றதெல்லாம் தினமும் வீட்டில் நடக்க வேண்டியவை. அதனால்தான் அமெரிக்கச் செவிலியர் அறிஞர் டொரோதியா ஓரெமின் தன்பராமரிப்புக் குறைபாட்டுக் கோட்பாடு இந்த நோய்க்கு நன்றாகப் பொருந்துகிறது.

முதல் படி: ஒரு தாளை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள்

இடப்பக்கம், இந்த நோயாளிக்கு நாள்தோறும் தேவைப்படுபவை: மாத்திரை, உப்புக் கட்டுப்பாடு, எடை பார்த்தல், வீக்கத்தைக் கவனித்தல், ஓய்வு. வலப்பக்கம், அவற்றில் அவரால் இப்போது செய்ய முடிந்தவை. இடப்பக்கம் பெரிதாகவும் வலப்பக்கம் சிறிதாகவும் இருந்தால், நடுவில் உள்ள இடைவெளிதான் ஓரெம் சொல்லும் குறைபாடு. செவிலியர் வேலை அந்த இடைவெளிக்குள்தான்.

இரண்டாம் படி: வலப்பக்கத்தை வார்டில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள்

பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் பொய்யாகின்றன. “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “விடியற்காலையிலிருந்து இரவுவரை என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்” என்று கேளுங்கள். பெரியம்மா விடிந்ததும் கூடையோடு பஸ் ஏறி ராமநாதபுரம் போகிறவர். நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும்; பஸ்ஸில் எங்கே போவது? அதனால் வியாபார நாட்களில் மாத்திரையே இல்லை. இதை மறதி என்று நான் எழுதியிருந்தால், கற்றுக்கொடுத்திருக்க வேண்டியது வேறு ஏதோவாக இருந்திருக்கும். மருத்துவரிடம் கேட்டு, அந்த நாட்களில் வீடு திரும்பிய பின் பிற்பகலில் போடும்படி மாற்றினோம். இரவில் போட்டால் தூக்கம் கெடும்.

கால் வீக்கத்துக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது: “நாளெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீங்காதா?” இடுப்பு வலிக்கு மெடிக்கல் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவ்வகை மாத்திரைகளில் பல உப்பையும் நீரையும் உடலில் தேக்குபவை. கட்டாயம் கேளுங்கள். கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், சில இதய மருந்துகளோடு சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

மூன்றாம் படி: யார் செய்வது என்று முடிவெடுங்கள்

ஓரெம் மூன்று முறைகளைச் சொல்கிறார். மூச்சுத் திணறலோடு வந்த முதல் நாள் எல்லாமே நம் கையில்: சாய்த்து உட்காரவைப்பது, ஆக்சிஜன், குடித்த நீருக்கும் போன சிறுநீருக்கும் கணக்கு. இரண்டு மூன்று நாளில் பாதி அவர், பாதி நாம். வீட்டுக்குப் போகும்போது அவரே செய்வார், நாம் கற்றுக்கொடுத்துத் துணை நிற்போம். தானே முகம் கழுவ முடிகிறவருக்கு நாம் கழுவிவிடுவது இரக்கமாகத் தோன்றலாம். இந்தக் கோட்பாட்டின்படி அது தவறு.

நான்காம் படி: எண்ணில் எழுதுங்கள்

‘உப்பைக் குறைக்கவும்’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘கருவாடு வேண்டாம். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் வேண்டாம். பச்சை மீன் சாப்பிடலாம். ஒரு நாளுக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்த்து உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக.’ கருவாட்டை ஊறவைத்துக் கழுவினால் உப்பு கொஞ்சம் குறையும், முழுதும் போகாது. பெரியம்மாவோடு இதில் நீண்ட நேரம் வாதாடினேன்.

எடையும் அப்படியே. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், அதே மெஷினில். பேத்தி காலண்டரில் எழுதுவாள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் வீக்கத்துக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தகவல். மூச்சு திணறினால் 108.

ஐந்தாம் படி: அவர் வாயால் கேளுங்கள்

“புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். “வீட்டில் மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். பெரியம்மா எடைக் கணக்கைச் சரியாகச் சொன்னார். வலி மாத்திரையைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டார். அதை மட்டும் மறுபடி சொன்னேன்.

தாளைக் கிழித்துவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பச்சை மீன் அரிதாகும், அடுப்பில் மறுபடி கருவாட்டு வாசனை வரும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே அவரை வரச்சொல்லி, வலப்பக்கத்தைப் புதிதாக எழுதுங்கள்.