மாடல் ரயில் தண்டவாளச் சத்தத்தைக் குறைப்பது எப்படி?

ப்ளைவுட் பலகைமேல் ட்ராக்கை நேராக ஆணியடித்து ரயில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த ஏமாற்றம் தெரியும். இன்ஜின் கையளவுதான், ஆனால் மாவு மில் ஓடுவதுபோல் இரைச்சல். என் முதல் 8×4 அடி லேஅவுட்டில் (மாடல் ரயில் ஓடும் பலகை அமைப்பு) இரவு 9 மணிக்கு மேல் ரயில் ஓட்டவே முடியாது. கீழ்வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டியது ஞாபகம் இருக்கிறதா? கையில் பிடித்திருந்தால் காதருகே கொண்டுபோனால்தான் கேட்கும். காம்பை மேசையில் ஊன்றியதும் வகுப்பு முழுக்கக் கேட்கும். இங்கே தண்டவாளம்தான் இசைக்கவை, ப்ளைவுட்தான் மேசை. தண்டவாளத்தின் அதிர்வு பலகைக்கு இறங்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் நம் வேலை. கீழே உள்ள அளவுகள் ஹெச்.ஓ. (HO) என்ற மாடல் ரயில் அளவுக்கானவை (1:87, இரு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ.).

படி 1: போர்வைச் சோதனை

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு கனமான போர்வையை நாலாக மடித்துத் தரையில் விரியுங்கள். அதன்மேல் நாலைந்து ட்ராக் துண்டுகளை இணைத்து, கன்ட்ரோலரை மாட்டி, அதே இன்ஜினை மெதுவாக ஓட்டுங்கள். இப்போது கேட்பது பெரும்பாலும் மோட்டாரும் கியரும் போடும் சத்தம். பலகையில் இதைவிடக் கூடுதலாகக் கேட்பதெல்லாம் நாம் குறைக்கக்கூடியது. போர்வையிலேயே கரகரவென்று கேட்டால் முதலில் இன்ஜினைச் சுத்தம் செய்து, பிளாஸ்டிக்கை அரிக்காத எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

படி 2: பலகையை இறுக்குங்கள்

பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். சில இடங்களில் 'டொம்' என்று கேட்கும். அங்கே அடியில் தாங்கல் இல்லை என்று அர்த்தம். 12 மி.மீ. ப்ளைவுட்டாக இருந்தாலும் அடியில் ஒன்றேகால் அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டிவிட்டால் அதிர்வு தரைக்கு இறங்குவதும் குறையும்.

படி 3: கார்க் படுக்கை

நிஜ ரயில்பாதையில் கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அதற்கும் கீழே ஜல்லிப் படுக்கை. நமக்கு அந்த வேலையைச் செய்வது 5 மி.மீ. கார்க். ஹெச்.ஓ.வில் ஏறக்குறைய பாதியான 'என்' (N) அளவு ரயில் ஓட்டுபவர்களுக்கு 3 மி.மீ. போதும்.

கார்க் ஷீட்டை 22 மி.மீ. பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ட்ராக்கின் நடுக்கோட்டைப் பலகையில் பென்சிலால் வரைந்து, கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு பட்டையாக ஒட்டுங்கள். ஒரே அகலப் பட்டை வளைவில் மடங்கிப் பிதுங்கும். இரண்டாகப் போட்டால் சொன்னபடி வளையும். இரு பக்கத்துப் பட்டைகளின் முனைகளும் ஒரே இடத்தில் வராதபடி முன்பின்னாக வையுங்கள்.

யோகா விரிப்பை வெட்டிப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அடர்த்தியான ஃபோம் என்றால் சரி. விரலால் அழுத்தியதும் அமுங்கும் ரகம் வேண்டாம். ரயில் ஏறும்போது ட்ராக்கும் அமுங்கும், இணைப்புகள் தளர்ந்துவிடும்.

படி 4: ஆணியை எடுங்கள்

கார்க் போட்டும் சத்தம் குறையவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். ட்ராக்கையும் கார்க்கையும் துளைத்துப் பலகைக்குள் போகும் ஒவ்வொரு ஆணியும் அந்த இசைக்கவையின் காம்புதான்.

ஆணிக்குப் பதில் அக்ரிலிக் சீலன்ட் (இடுக்குகளை அடைக்கும் பசை) பயன்படுத்துங்கள். காய்ந்த பிறகும் இது ரப்பர் போல நெகிழ்வாகவே இருக்கும். கார்க்மேல் ஒரு கோடு இழுத்து, பழைய ஏ.டி.எம். கார்டால் கார்க்கின் நிறம் தெரியும் அளவுக்கு மெலிதாகத் தேயுங்கள். ரயில் தடம் மாறும் இடங்களான பாயின்டுகளின் நகரும் பகுதிக்கு அடியில் மட்டும் தடவாதீர்கள். ட்ராக்கை வைத்து, குண்டூசிகளால் பிடித்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் குண்டூசிகள் அத்தனையையும் பிடுங்கிவிடுங்கள்.

படி 5: இணைப்புகள்

நகத்தைத் தண்டவாளத்தின் மேல்பக்கம் ஓட்டுங்கள். எங்கே நகம் தட்டுகிறதோ அங்கே சக்கரமும் தட்டும். பிசிரைச் சின்ன அரத்தால் ராவிவிடுங்கள். நேர்ப்பாதையில் சில இணைப்புகளில் விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்கட்டும். வெயில் காலத்தில் தண்டவாளம் நீள இடம் வேண்டும்.

படி 6: ஜல்லி

நான் அதிகம் வருத்தப்பட்ட இடம் இது. கார்க், சீலன்ட் எல்லாம் சரியாகச் செய்து, ஒரு வாரம் ரயில் அருமையாக ஓடியது. அப்புறம் ஜல்லி தூவி, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். இரண்டு நாளில் காய்ந்ததும் பழைய இரைச்சல் அப்படியே திரும்பி வந்துவிட்டது. ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: பசை கார்க்கின் பக்கவாட்டில் வழிந்து, ஜல்லியும் ஸ்லீப்பரும் பலகையும் ஒரே கல்லாக இறுகியிருந்தன. கார்க் நடுவில் இருந்தும் பயனில்லை.

அதனால் இரண்டு விஷயங்களைக் கடைப்பிடியுங்கள். ஜல்லியைக் கார்க்கின் விளிம்போடு நிறுத்துங்கள், பலகையைத் தொட வேண்டாம். பசைக்கு, ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் மேட் மீடியமோ, தண்ணீரில் கரையும் லேடெக்ஸ் பசையோ வாங்குங்கள். இவை வெள்ளைப் பசை அளவுக்குக் கல்லாக இறுகுவதில்லை. பாத்திரம் கழுவும் சோப்பு ஓரிரு சொட்டு கலந்த தண்ணீரை முதலில் ஸ்பிரே செய்துவிட்டு, பசையைச் சொட்டு சொட்டாக ஸ்லீப்பர்களுக்கு நடுவில் மட்டும் விடுங்கள். முதலில் ஓர் அடி நீளத்துக்குச் செய்து, காய்ந்ததும் ரயில் ஓட்டிக் கேளுங்கள். சத்தம் ஏறவில்லை என்றால் மீதியைத் தொடரலாம்.

ஏற்கெனவே வெள்ளைப் பசை ஊற்றியிருந்தாலும் கவலை வேண்டாம். வெந்நீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் பசை இளகும். பழைய டூத் பிரஷ்ஷால் ஜல்லியை எடுத்துவிடலாம். என் வளைவுப் பாதை முழுவதையும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்து எடுத்தேன். மறுபடி போட்ட பிறகு போர்வைமேல் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கேட்கிறது. இப்போது இரவு 10 மணிக்கும் ஓட்டுகிறேன்.