தகர டின்னில் ஒரு ஸ்டிர்லிங் என்ஜின்: பெங்களூரு கடைச் சாமான்களே போதும்

பெட்ரோல் வேண்டாம், நீராவி வேண்டாம், வெடிச்சத்தமும் கிடையாது. டின்னுக்குள் அடைபட்ட காற்றை மாற்றி மாற்றிச் சூடாக்கிக் குளிரவைத்தால் சக்கரம் சுற்றும். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டிர்லிங் 1816இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நீராவி பாய்லர்கள் வெடித்து ஆட்கள் சாகும் காலம் அது. நாம் செய்யப்போவதில் அழுத்தம் ஏறினால் பலூன் பிதுங்கும், அவ்வளவுதான். பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய இதைவிட நல்ல என்ஜின் எனக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். ஓடாத ஸ்டிர்லிங் என்ஜினுக்குத் தீயைக் கூட்டிப் பயனில்லை. கசிவு, உராய்வு, மேல்பக்கக் குளிர்ச்சி: இந்த வரிசையில் பாருங்கள். தீ கடைசி.

எப்படி ஓடுகிறது

டின்னின் அடியில் விளக்கு, தலையில் தண்ணீர். உள்ளே டிஸ்பிளேசர் என்ற லேசான உருளை மேலும் கீழும் போய்வரும். அது காற்றை அழுத்துவதில்லை, இடம் மாற்றுகிறது. உருளை மேலே போனால் காற்று சுற்றுச் சந்து வழியாகக் கீழே இறங்கிச் சூடாகி விரியும், பலூன் உப்பும். உருளை கீழே வந்தால் காற்று மேலேறிக் குளிர்ந்து சுருங்கும், பலூன் உள்வாங்கும். பலூனின் இந்த அசைவுதான் சக்கரத்தைத் தள்ளுகிறது; சக்கரம் உருளையை நகர்த்துகிறது.

சாமான்கள்

பைனாப்பிள் அல்லது பீன்ஸ் வரும் 7.3 செ.மீ. விட்டம், 11 செ.மீ. உயர டின் இரண்டு. 6.6 செ.மீ. விட்டமுள்ள அலுமினிய குளிர்பான கேன் இரண்டு. ஸ்போக்ஸ் கம்பியும் நிப்பிளும் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும். அந்தக் கம்பி தாராளமாக நுழையும் பித்தளைக் குழாய், சால்டரிங் சாமான் இரண்டுக்கும் எஸ்.பி. ரோடு. சிவப்பு சிலிக்கான் கேஸ்கெட் பேஸ்ட், சைலன்சர் பேஸ்ட் இரண்டுக்கும் ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். 10 மி.மீ. செம்புக் குழாய்த் துண்டை ஏசி மெக்கானிக்கிடம் கேளுங்கள். பழைய சிடி மூன்று, நல்ல தடிமனான பலூன், 4 செ.மீ. அகலத் தகர மூடி ஒன்று. வெட்டிய தகர விளிம்பு கத்திக்குச் சமம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

டின்னும் டிஸ்பிளேசரும்

முதல் டின்னின் வாயைத் திறந்து, மாடியிலோ வெளியிலோ வைத்து அடியை ஒருமுறை சூடாக்குங்கள். உள்பூச்சு புகைந்து போய்விடும். அடியில் மடிப்புத் தையல் இருந்தால் சூட்டில் அது கசியலாம். சைலன்சர் பேஸ்ட் பூசிக் காயவிடுங்கள்.

ஒரு கேனின் அடிப்பாகத்தை 7.5 செ.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள். இன்னொரு கேனின் அடியை 2 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, விளிம்பை மூக்குக் குறடால் லேசாக நெளித்து, முதல் துண்டின் வாய்க்குள் மூடிபோல் செருகுங்கள். இந்த இணைப்பு மேல்பக்கம், அதாவது குளிர்ந்த பக்கம் இருக்கட்டும். மூடியின் நட்டநடுவில் ஸ்போக்ஸின் மரை முனையை வாஷர் வைத்து இரண்டு நிப்பிளால் இறுக்கிய பிறகு, ஓரத்தை சிலிக்கானால் அடையுங்கள். மேல்பக்கம் ஒரு ஊசித் துளை போடுங்கள், உள்காற்று விரிந்தால் வெளியேற.

அளவுகளைச் சும்மா சொல்லவில்லை. டின் உள்ளே 11 செ.மீ.; உருளை 7.5, அது 3 செ.மீ. போய்வந்தால் மேலும் கீழும் 2.5 மி.மீ. மிஞ்சும். சுற்றிலும் 3 மி.மீ. சொச்சம் சந்து. உருளை எங்கும் இடிக்கவே கூடாது.

தண்ணீர்க் கிண்ணமும் புஷ்ஷும்

இரண்டாவது டின்னின் அடியை 3 செ.மீ. உயரத்துக்கு வெட்டினால் கிண்ணம் தயார். அதன் நடுவில் துளையிட்டு, 4 செ.மீ. பித்தளைக் குழாயை நேர்செங்குத்தாக நிறுத்தி சால்டர் வையுங்கள். இதுதான் புஷ். தகரத்தை முதலில் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் சால்டர் தண்ணீர் போல் ஓடிப் பிடிக்கும். ஆறியதும் ஸ்போக்ஸைக் குழாய்க்குள் விட்டுக் கையை எடுங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்கவேண்டும். பாதியில் நின்றால் அங்கே பிசிறு இருக்கிறது. கிராஃபைட் பென்சில் பொடி தடவி இழுத்து இழுத்துப் பாருங்கள். எண்ணெய் போடாதீர்கள், பிசுபிசுப்பு பிடித்து நிறுத்திவிடும்.

கிண்ணத்தைப் பொருத்துமுன், முதல் டின்னின் பக்கவாட்டில் விளிம்புக்கு 1 செ.மீ. கீழே துளையிட்டுச் செம்புக் குழாயை சால்டர் செய்து, மேல்நோக்கி வளையுங்கள். குழாய் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் உருளை இடிக்கும். அதன் மறுமுனையில் தகர மூடியைத் துளையிட்டு மல்லாக்க சால்டர் செய்யுங்கள். அப்புறம் உருளையை உள்ளே இறக்கி, கம்பியைப் புஷ் வழியாக வெளியே எடுத்து, கிண்ணத்தை டின் வாயில் சிலிக்கானால் ஒட்டுங்கள். ஒரு நாள் காயட்டும்.

கசிவுச் சோதனை

இதைத் தாண்டிப் போகாதீர்கள். புஷ்ஷின் வாயை விரலால் மூடி, டின்னை வாளித் தண்ணீரில் முக்கி, செம்புக் குழாய் முனையிலுள்ள தகர மூடியின் துளை வழியாக ஊதுங்கள். குமிழி வந்த இடத்தை அடைத்துவிட்டு, உள்ளே ஈரம் இல்லாமல் காயவைத்த பிறகுதான் அடுத்த வேலை.

டயாஃப்ரமும் கிராங்க்கும்

அதே தகர மூடியின்மேல் பலூனைத் தொய்வாக மாட்டி ரப்பர் வளையமும் நூலும் சுற்றுங்கள். இதுதான் டயாஃப்ரம். மேளத்தோல் போல் இழுத்துக் கட்டினால் ஓடாது. நடுவில் 2.5 செ.மீ. பிளாஸ்டிக் வட்டை ஒட்டி அதில் ஒரு கம்பிக் கொக்கி. பலூன் 1.2 செ.மீ. ஏறி இறங்கினால் சுமார் 10 கன செ.மீ. வருகிறது, டிஸ்பிளேசர் நகர்த்துவது 100. இந்தப் பத்துக்கு ஒன்று தொடக்கக்காரர்களுக்கு நல்ல விகிதம்.

கிண்ணத்தின் இரு பக்கமும் தகரத் தூண் நிறுத்தி, இன்னொரு ஸ்போக்ஸை அச்சாக மாட்டுங்கள். அச்சின் நடுவில் டிஸ்பிளேசருக்கு 15 மி.மீ. வளைவு; பலூனுக்கு நேர்மேலே, முதல் வளைவுக்கு 90 டிகிரி தள்ளி, பலூனுக்கு 6 மி.மீ. வளைவு. இந்த வளைவுகள்தான் கிராங்க். இரண்டையும் மெல்லிய கம்பி இணைப்புகளால் கோத்துவிடுங்கள். அச்சின் மறுமுனையில் மூன்று சிடி, ஃப்ளைவீலாக, அதாவது சுற்றும் சக்கரமாக. சக்கரத்தை எந்த நிலையில் விட்டாலும் டிஸ்பிளேசரின் எடை கீழே இழுக்கும். எதிர்ப்பக்கம் சிறு நட்டுகளை ஒட்டிச் சமன் செய்யுங்கள்.

ஓட்டிப் பார்க்கலாம்

கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர், அடியில் ஸ்பிரிட் விளக்கு. இரண்டு நிமிடம் கழித்துச் சக்கரத்தை விரலால் தட்டிவிடுங்கள். டிஸ்பிளேசர் பலூனைவிடக் கால் சுற்று முந்திப் போகும் திசையில் மட்டுமே ஓடும். மறுதிசையில் தட்டினால் நின்றுவிடும்.

அடி 200 டிகிரி, தலை 40 டிகிரி என்றால், எந்த வெப்ப எந்திரமும் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது என்பது கார்னோ விதி. நம் டின் அதில் கொஞ்சத்தைத்தான் எட்டும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்றின் அழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டின்னுக்குள் அடைபடும் காற்றும் அந்த அளவு குறைவு, சக்தியும் சற்றுக் குறையும். ஆனால் டிசம்பர், ஜனவரிக் குளிரில் கிண்ணத்துத் தண்ணீர் சீக்கிரம் சூடாகாமல் அதை ஓரளவு ஈடுகட்டும்.

சில நிமிடம் ஓடி நின்றால் தண்ணீர் சூடாகிவிட்டது என்று பொருள், மாற்றுங்கள். நிறுத்தும்போது முதலில் விளக்கு. டின் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை கிண்ணத்தைக் காலி செய்யாதீர்கள். ஈயம் கலந்த சாதாரண சால்டர் 190 டிகிரி வாக்கில் உருகிவிடும், புஷ் சாய்ந்தால் முழு வேலையும் மறுபடி.