.38 ஸ்பெஷல் தோட்டாவை வீட்டில் மறுநிரப்புதல்: தொடங்குவோருக்கு

அமெரிக்காவில் சொந்தப் பயிற்சிக்காகத் தோட்டாக்களை மறுநிரப்ப, அதாவது சுட்ட தோட்டாவின் கூட்டில் (உலோக உறை) புதிய பிரைமர் (அடிபட்டால் பொறி தரும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை வைத்து மீண்டும் பயன்படுத்த, மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. நிரப்பியதை விற்பதற்கு உரிமம் வேண்டும். மாநில, நகரச் சட்டங்களையும் தீயணைப்பு விதிகளையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதால், அங்கிருப்பவர்கள் இதை முயலக் கூடாது.

முதன்முதலில் கற்பவருக்கு .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாவையே பரிந்துரைப்பேன். அதன் கூடு நேரான சுவர் கொண்டது, அழுத்தமும் குறைவு. கார்பைடு டை (கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் கடினமான அச்சு) வாங்கினால் கூட்டுக்கு எண்ணெய் தடவும் வேலையும் இல்லை. டையைப் பொருத்திக் கூட்டை அழுத்தும் கருவியான பிரஸ் வாங்கும்போது, நெம்புகோலை ஒரு முறை இழுத்தால் ஒரே வேலையை மட்டும் செய்யும் எளிய வகையைத் தேர்ந்தெடுங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கண்முன் நடப்பதால் பிழையைக் கண்டுபிடிக்க முடியும். நல்ல தராசு, நீளம் பார்க்கும் அளவுமானி, பாதுகாப்புக் கண்ணாடி, அண்மைப் பதிப்பாக ஒரு மறுநிரப்புக் கையேடு ஆகியவற்றில் எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

சுட்ட கூடுகளைத் துடைத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வாய்ப்பகுதியில் முடியிழை போன்ற கீறல் தெரிந்தால் அந்தக் கூடு குப்பைக்கு உரியது. நான்கைந்து கூடுகளை உள்ளங்கையில் குலுக்கினால் நல்லவை மணிபோல ஒலிக்கும். விரிசல் விட்டது மட்டும் மந்தமாக ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குத் தப்பியதைக் காது பிடித்துவிடுவது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

முதல் டை கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கி, செலவான பிரைமரை வெளியே தள்ளும். இரண்டாவது, வாயைச் சற்றே விரிக்கும். பிறகு புதிய பிரைமர் அடிமட்டத்துக்கு மேல் துருத்தாதபடி பொருத்தப்படும். பிரைமர்களை அவை வந்த அட்டைப் பெட்டியிலேயே வையுங்கள். பாட்டிலில் கொட்டி வைத்தால், ஒன்று வெடிக்கும்போது மற்றவையும் சேர்ந்து வெடிக்கும்.

உண்மையான ஆபத்து வெடிமருந்து இடும் கட்டத்தில் இருக்கிறது. இந்தக் கூடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரிமருந்துக்கு (பழைய கருப்பு வெடிமருந்து) ஏற்ற கொள்ளளவுடன் உருவானது. இன்றைய புகையற்ற மருந்தோ அதன் அடியில் சிறு இடத்தையே பிடிக்கும். ஆகையால் கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வெளியே வழியாது, துப்பாக்கி வெடித்துச் சிதறக்கூடும். மருந்தே விழாமல் போனால் குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அடுத்த குண்டு அதன் மீது மோதினால் குழலே பிளக்கும். சுடும்போது ஓசை மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்தி, துப்பாக்கியைக் காலியாக்கிக் குழலைச் சோதிக்க வேண்டும். ஐம்பது கூடுகளைத் துளைப்பலகையில் நிறுத்தி, அனைத்திலும் மருந்து இட்டபின், குண்டு வைப்பதற்கு முன் கைவிளக்கை மேலிருந்து அடித்து ஒவ்வொன்றின் மட்டத்தையும் ஒப்பிடுங்கள். இந்த ஒரு பழக்கத்தை எக்காரணத்தாலும் விடாதீர்கள்.

மருந்தின் அளவைக் கையேடு கிரெயின் என்ற எடை அலகில் தரும். 7000 கிரெயின் ஒரு பவுண்டு என்பதால், பத்தில் ஒரு கிரெயின் பிசகும் பொருட்படுத்தத்தக்கது. கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பியுங்கள். கையேடு சொல்லும் அதே குண்டு, அதே மருந்து என்பதில் மாற்றம் கூடாது. நண்பர் சொன்ன அளவை நம்பாதீர்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்துப் புட்டி இருக்கட்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே புட்டியில் திருப்பிவிடுங்கள்.

இறுதியில் குண்டைப் பதித்து, கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் மெல்ல மடிக்க வேண்டும். முழு நீளத்தை அளவுமானியால் பார்த்து, கையேட்டோடு ஒப்பிடுங்கள். ஈயம் விரல்களில் ஒட்டும் என்பதால் வேலையிடத்தில் உண்ணவோ குடிக்கவோ கூடாது. எழுந்ததும் சோப்பால் கைகளைக் கழுவுங்கள். முடிந்த பெட்டியின் மீது தேதி, குண்டு, மருந்து, அளவு ஆகியவற்றை எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டிய இடத்தில் வையுங்கள்.