பலபொருள் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிவது எப்படி?

ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் அரிய சொல் எதிர்ப்பட்டால் உடனே அகராதியைப் புரட்டுகிறோம். ரன், செட், சார்ஜ் போன்ற சிறு சொல் வந்தாலோ, தெரிந்த சொல்தானே என்று கடந்துவிடுகிறோம். தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் செட் என்னும் சொல்லுக்கு 430 பொருள்கள் இருந்தன. பின்னர் நடந்த திருத்தப் பணியில் ரன் என்னும் வினைக்கு மட்டும் 645 பொருள்களைப் பகுத்தார்கள். இவற்றை மனப்பாடம் செய்ய முயல்வது வீண்வேலை.

பிரித்தறியும் வழியைத் தொல்காப்பியமே சொல்லித் தருகிறது. பலபொருள் ஒருசொல்லின் பொருள் 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' தெளிவாகும் என்பது சொல்லதிகார நூற்பா. மா பூத்தது என்றால் மாமரம். கவசம் அணிந்து நிற்பவன் மா கொண்டுவரச் சொன்னால் குதிரை. தமிழுக்கு எழுதிய இந்த விதி ஆங்கிலத்துக்கும் அப்படியே கைகொடுக்கிறது.

முதலில், சொல்லோடு சேர்ந்து நிற்கும் வினை, செயப்படுபொருள், முன்னிடைச்சொல் (வித், அட், ஆஃப் போன்றவை) ஆகியவற்றைப் பாருங்கள். சார்ஜ் என்னும் வினை கைப்பேசியைச் செயப்படுபொருளாகக் கொண்டால் மின்னேற்றுதல். வாடிக்கையாளரைக் கொண்டால் கட்டணம் வாங்குதல். ஒருவரைக் குறிப்பிட்டு அதன்பின் வித் என்பதும் ஒரு குற்றத்தின் பெயரும் வந்தால் குற்றஞ்சாட்டுதல். காளை ஒன்று எழுவாயாகி, அட் என்பது பின்தொடர்ந்தால், அது பாய்ந்து வருகிறது என்று பொருள். பெயர்ச்சொல்லாகி, முன்னே இன், பின்னே ஆஃப் என்று நின்றால் பொறுப்பில் இருத்தல். வண்டியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து, சுமை ஏற்றுதல் என்னும் பொருளோடு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. மின்கலத்தின் மேல் ஏற்றுவதும், ஒருவர் தலையில் கட்டணத்தையோ குற்றத்தையோ பொறுப்பையோ ஏற்றுவதும் அந்த ஒரே வேரில் கிளைத்தவை என்று தெரிந்துவிட்டால், பல பொருள்கள் தாமாகவே நினைவில் தங்கும். ஆகவே நீண்ட பட்டியலைவிட மூலப்பொருளைத் தேடிப் பிடிப்பதே மேல் என்பது என் கருத்து.

அடுத்தது இனம், அதாவது அருகில் நிற்கும் தொடர்புடைய சொற்கள். இன்ட்ரெஸ்ட் என்பதன் அருகில் லோன், பிரின்சிபல் என்னும் சொற்கள் இருந்தால் அது வட்டி. ஹாபி, மியூசிக் என்றிருந்தால் ஆர்வம். பிரின்சிபல் என்னும் சொல்லின் பொருளும், இங்கே அசல் தொகை என்று, அதே அயற்சொற்களால்தான் முடிவாகிறது.

சார்பு என்பது பேசும் துறையும் இடமும் ஆகும். பிட்ச் என்பது கிரிக்கெட் வருணனையில் ஆடுகளம், இசை வகுப்பில் சுருதி, முதலீட்டாளர் கூட்டத்தில் தம் தொழில் திட்டத்தை எடுத்துரைத்து ஆதரவு கேட்பது. நாடு மாறினாலும் பொருள் மாறுவதுண்டு: ஒரு தீர்மானத்தை டேபிள் செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைப்பது, அமெரிக்காவிலோ விவாதத்தை ஒத்திவைப்பது. இரு நாட்டவரும் கூடும் கூட்டத்தின் குறிப்பைப் படிப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அகராதியைத் திறக்கும்போது முதலில் வரும் பொருளையே எடுத்துக்கொள்வது பலருக்கும் உள்ள பழக்கம். ஆக்ஸ்போர்டு பேரகராதி பொருள்களை வரலாற்று முறையில் அடுக்குவதால் முதற்பொருள் வழக்கொழிந்ததாகவும் இருக்கலாம். லாங்மன் போன்ற கற்போர் அகராதிகளில் மிகுதியாக வழங்கும் பொருள் முன்னே நிற்கும். எனவே கற்போர் அகராதியை எடுத்து, விளக்கத்துக்கு முன் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்து, உங்கள் வாக்கியத்தின் அமைப்போடு பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். தலைச்சொல்லின் மேல் சிறிய எண் இருந்தால், எழுத்து ஒன்றாகவே இருந்தும் வேறாகிய சொற்களாக அவை இருக்கலாம் என்று அறிக. ஆற்றங்கரையைக் குறிக்கும் பேங்க் நார்டிக் மொழிகளின் வழியாக வந்தது. பணம் போடும் பேங்க், நாணயம் மாற்றுவோரின் பலகையைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழியாக வந்தது. ஒலிப்பையும் பாருங்கள்: ஒரே எழுத்துக்கூட்டலை லீட் என ஒலித்தால் வழிநடத்துதல், லெட் என ஒலித்தால் ஈயம்.

எழுதும்போது இன்னும் கூடுதல் கவனம் தேவை. வினையாலும் வேறுபடாத பலபொருள் ஒருசொல்லைப் பொருள் விளங்க எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும் தொல்காப்பிய விதிதான். மா வீழ்ந்தது என்னாமல் மாமரம் வீழ்ந்தது என்பது போல, ஆங்கிலத்திலும் ஐயத்துக்கு இடமான சொல்லுக்கு அடைமொழி கொடுங்கள். வீட்டை ரென்ட் செய்தேன் என்று மட்டும் எழுதினால், கொடுத்தவரா குடிவந்தவரா என்று விளங்காது. வாடகைக்கு விட்டவர் டு என்றும், எடுத்தவர் ஃப்ரம் என்றும் சேர்த்து யாரோடு என்பதைக் குறிப்பிட வேண்டும். பைவீக்லி என்பதற்கு வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்னும் இரண்டு பொருளும் வழக்கில் உள்ளன. கூட்ட அறிவிப்பில் அச்சொல்லை அடித்துவிட்டுத் தேதிகளையே எழுதிவிடுங்கள்.