பள்ளியில் பகடிவதையைக் குறைக்க முனையும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், சிறிய தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் ஒன்றாகப் படித்த பிள்ளைகள், பெரிய இடைநிலைப்பள்ளியின் புதுமுக வகுப்பிலோ (மலாய்மொழிக்கான ஆயத்த ஆண்டு) முதலாம் படிவத்திலோ (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) நுழையும்போது கேலியின் முழு வீச்சையும் சந்திக்க நேர்கிறது. மலாய் உச்சரிப்பு, உடல் நிறம், பழைய காலணி, தோட்டத்திலிருந்து வருவது என எதுவும் அதற்குக் காரணமாகிவிடுகிறது. இதை மாற்ற மாணவர்களே முன்வருவது மனத்துக்கு நிறைவளிக்கிறது. ஆயினும் பல முயற்சிகள், கேலி செய்பவரையும் அதற்கு ஆளானவரையும் மட்டுமே பார்த்து, சுற்றி நின்று சிரிப்பவர்களை மறந்துவிடுகின்றன.

கனடாவின் பள்ளித் திடல்களைப் படமெடுத்து ஆராய்ந்து 2001-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பகடிவதைச் சம்பவங்களில் 88 விழுக்காட்டின்போது மற்றப் பிள்ளைகள் அருகில் இருந்தனர். 19 விழுக்காட்டில் மட்டுமே அவர்கள் குறுக்கிட்டனர். குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட முறை பத்து விநாடிகளுக்குள் வதை நின்றது. பின்லாந்தில் 2009-இல் நாடெங்கும் விரிந்த கிவா என்ற பகடிவதைத் தடுப்புத் திட்டமும் வேடிக்கை பார்ப்பவர்களை மாற்றுவதையே அடித்தளமாகக் கொண்டது. அதற்காக, எல்லாரும் துணிந்து தட்டிக்கேட்க வேண்டும் என்று சபைகூடலில் முழங்குவதும் தவறுதான். ஐந்தாம் படிவக் கும்பலின் முன் முதலாம் படிவப் பிள்ளையால் அதைச் செய்ய இயலாது. சிரிக்காமல் இருப்பதும், “வா, சிற்றுண்டிச்சாலைக்குப் போகலாம்” என்று பாதிக்கப்பட்டவரை அங்கிருந்து அழைத்துச் செல்வதும் எவராலும் முடியும்.

குழுவைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழைதான் எல்லாவற்றிலும் பெரியது எனக் கருதுகிறேன். ஆசிரியர்கள் வழக்கமாக மாணவர் தலைவர்களையும் நல்ல மதிப்பெண் பெறுபவர்களையும் அழைத்துப் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 56 நடுநிலைப்பள்ளிகளில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு வேறு வழியைக் காட்டியது. ஒவ்வொரு மாணவரும் யாரோடு அதிக நேரம் செலவிடுகிறார் என்று கேட்டறிந்து, பலருடைய கவனத்தைப் பெற்ற மாணவர்கள் யாவர் என ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சிறு மாணவர் குழு ஒன்று பகடிவதைக்கு எதிராகச் செயல்பட்ட பள்ளிகளில், மாணவர் மோதல் குறித்த ஒழுங்குப் புகார்கள் மற்றப் பள்ளிகளைவிட ஓராண்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன. அத்தகைய செல்வாக்குள்ள மாணவர்கள் குழுவில் அதிகம் இருந்த இடங்களில் விளைவு மேலும் வலுவாக இருந்தது. பேருந்தின் கடைசி வரிசையில் அமர்ந்து எல்லாரையும் சிரிக்க வைக்கும் மாணவனும், ஆசிரியர் விரும்பாத தலைமுடியோடு திரிபவனும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அவர்கள் தங்கள் சொந்த மொழியில் எழுதி, தங்கள் படத்தோடு ஒட்டும் சுவரொட்டியை மற்றவர்கள் நின்று படிப்பார்கள். ஆசிரியர் எழுதிக் கொடுத்த முழக்கத்துக்கு அந்த வலிமை இல்லை.

இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைப்பது இன்னொரு தவறு. சமபலம் உள்ள இரு நண்பர்களின் சண்டைக்குச் சமரசம் பொருந்தும். பகடிவதையிலோ ஒருவர் கை ஓங்கியிருக்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளை அச்சத்தில் தலையாட்டிவிட்டு, வீடு திரும்பும் பேருந்தில் மறுபடியும் அதையே அனுபவிக்கிறது. ஆதலால் இருவரிடமும் தனித்தனியாகப் பேசும் பணியை ஆலோசக ஆசிரியரிடம் விட்டுவிட வேண்டும். மாணவர் குழு, அந்தப் பிள்ளை மறுநாளும் அதற்கடுத்த வாரமும் தனியாக அமராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அன்பு வாரம் என்று ஐந்து நாள் கொண்டாடிவிட்டு நிறுத்துவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆசிரியர் பார்வை எட்டாத கழிப்பறைப் பக்கம், பேருந்து நிறுத்தம், புலனக் (வாட்ஸ்அப்) குழு ஆகியவற்றை விட்டுவிட்டு வகுப்பறைக்குள் மட்டும் அன்பை வளர்ப்பதும் அதே வகையைச் சேர்ந்தது.

சான்று என்று எண்ணி, வதையைப் பதிவுசெய்த காணொளியைப் பலருக்கு அனுப்புவது, பாதிக்கப்பட்டவரின் அவமானத்தைப் பட்டணம் முழுதும் கொண்டுசெல்கிறது. மலேசியாவில் 2025 ஜூலையில் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தத்தின்படி, துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களைப் பரப்புவதும் குற்றமாகும். பதிவு கையில் இருந்தால் கட்டொழுங்கு ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ நேரில் காட்ட வேண்டும். பள்ளிக்குள் சொல்லத் தயங்கும் பிள்ளைக்கு, நாள் முழுதும் இயங்கும் தாலியான் காசே (Talian Kasih) என்ற உதவித் தொலைபேசிச் சேவையின் 15999 என்ற எண்ணைத் தெரிவித்து, அழைக்கும்போது அருகில் இருக்கலாம்.